கழுத்தில் வலிக்காத கட்டி: டிபி என்று முடிவுகட்டும் முன்

கழுத்தின் பக்கவாட்டிலோ காறை எலும்புக்குச் சற்று மேலேயோ ஒரு கட்டி தென்படுகிறது. அழுத்தினால் வலிக்கவில்லை. "நெறி கட்டியிருக்கிறது, பல்லில் சொத்தை இருக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கட்டி அசைவதாக இல்லை. மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, கொஞ்சம் இளைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது, நம் ஊரில் அடுத்து எல்லோர் வாயிலும் வருவது டிபி.

அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் தங்குமிடம் நிணநீர்க் கணுக்கள்தான். கண்டமாலை என்று பழைய வைத்தியர்கள் சொன்னதும் பெரும்பாலும் இதைத்தான். எனவே கழுத்துக் கட்டியோடு வருபவருக்கு முதலில் டிபியை நினைக்கும் மருத்துவர் கணக்குப்படி சரியாகவே நினைக்கிறார். கட்டியின் திசுவை எடுத்துப் பார்க்காமலேயே டிபி மாத்திரையைத் தொடங்கிவிட்டு, ஆறு மாதம் காத்திருப்பதுதான் சிக்கல். அந்த ஆறு மாதத்தில், ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் கழுத்திலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து வயிற்றுக்கும் இறங்கிவிட முடியும். முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பது இது என்பதால், இந்தத் தாமதம் கூடுதலாக உறுத்துகிறது.

நிணநீர் மண்டலத்தைப் பற்றி நாம் பள்ளியில் படித்தது குறைவு. ரத்தக் குழாய்களின் நுண்ணிய சுவர்களிலிருந்து நீர் ஓயாமல் திசுக்களுக்குள் கசிகிறது. அதில் பெரும்பகுதி திரும்பிப் போய்விட, மிச்சம் நிணநீராக மெல்லிய குழாய்களில் சேர்ந்து, நாளொன்றுக்குச் சில லிட்டர் அளவில், கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகள் வழியாக மறுபடி ரத்தத்தில் கலக்கிறது. வழிநெடுக அவரை விதை அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் கணுக்கள் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் நடுப்பகுதி, வயிற்றின் பின்சுவர் என உடல் முழுக்க அறுநூறு அளவில் இருக்கும். தொண்டைச் சதையும் மண்ணீரலும் தைமஸ் சுரப்பியும் இதே குடும்பம். கிருமியின் துணுக்குகளை நிணநீர் கணுவுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது; அங்கே காத்திருக்கும் லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு பெருகுகின்றன. தொண்டை வலிக்கும்போது தாடைக்குக் கீழே நெறி கட்டுவது இதனால்தான். கிருமி ஒழிந்ததும் கட்டி வடிந்துவிடும். பல வாரங்களாகியும் வடியாத, வலிக்காத, வளர்ந்துகொண்டே போகிற கட்டிதான் விசாரிக்கப்பட வேண்டியது.

கணுவுக்குள் பி வகை லிம்போசைட்டுகள் கிருமியைச் சரியாகப் பிடிக்கும் எதிர்ப்பொருளுக்காகத் தங்கள் மரபணுவையே வெட்டி ஒட்டி மாற்றிப் பார்க்கின்றன. மாற்றம் பயன்படாமல் போனால் அந்தச் செல் செத்துவிட வேண்டும், விதி அப்படி. எதிர்ப்பொருள் செய்யும் திறனையே இழந்துவிட்ட ஒரு செல், சாகாமல் தப்பிப் பெருகத் தொடங்கினால் அதுதான் ஹாட்ஜ்கின் நோயின் தொடக்கம். இது தெரியவந்து அதிக காலம் ஆகவில்லை. 1994-இல் ஜெர்மனியில் ரால்ஃப் கூப்பர்ஸ், கிளாவுஸ் ராயெவ்ஸ்கி, மார்ட்டின்-லியோ ஹான்ஸ்மான் குழுவினர், நோயுற்ற கணுவிலிருந்து புற்றுச் செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மரபணுவைப் படித்த பிறகே அவை பி செல்லின் வழிவந்தவை என்று உறுதியானது. நோய்க்குப் பெயர் வைத்து அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தாமஸ் ஹாட்ஜ்கின் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பிணக்கூறு ஆய்வாளராகவும் அருங்காட்சியகப் பொறுப்பாளராகவும் இருந்தவர். நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் ஒருசேர வீங்கி இறந்துபோன சிலரைப் பற்றி 1832-இல் ஒரு கட்டுரை எழுதினார். நுண்ணோக்கியின் துணையில்லாமல், வெறும் கண்ணால் பார்த்தே, இது வேறெங்கோ உள்ள அழற்சியின் எதிரொலி அல்ல, கணுக்களிலேயே தொடங்கும் தனி நோய் என்றார். கட்டுரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1865-இல் அதே மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ்தான் "ஹாட்ஜ்கின் நோய்" என்று பெயரிட்டார். அதற்குள் ஹாட்ஜ்கின் கைஸை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வட அமெரிக்கப் பழங்குடி மக்களை ஹட்சன் பே நிறுவனம் நடத்திய விதத்தை அவர் கண்டித்துப் பேசியது மருத்துவமனையின் பொருளாளருக்குப் பிடிக்கவில்லை. 1837-இல் எதிர்பார்த்த பதவி கைநழுவியது. 1866-இல் இன்றைய இஸ்ரேலில் உள்ள யாஃபாவில் வயிற்றுப்போக்கால் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கைஸில் அவர் பாதுகாத்து வைத்திருந்த திசுக்களில் சிலவற்றை 1926-இல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நூறாண்டு பழைய அந்தத் திசுக்களில் நோயின் அடையாளம் இருந்தது. ஒன்றில் மட்டும் வேறு வகை லிம்போமா.

அந்த அடையாளத்தை 1898-இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும், 1902-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரதி ரீடும் துல்லியமாக விவரித்தார்கள். சாதாரண லிம்போசைட்டைவிடப் பல மடங்கு பெரிய செல். உள்ளே இரண்டு உட்கருக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் சிவந்து தடித்த ஒரு புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய வட்டம். ஆந்தைக் கண் என்று நோய்க்கூறியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்பது பெயர்.

ஸ்டெர்ன்பெர்க் இந்த நோயைக் காசநோயின் ஒரு விசித்திர வடிவம் என்றே கருதினார். அவர் பார்த்த நோயாளிகள் பலருக்குக் காசநோயும் இருந்தது. அது அப்படியல்ல, இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று நிறுவியது டோரதி ரீடின் கட்டுரை. தலைப்பிலேயே காசநோயோடு இதற்குள்ள உறவைக் குறிப்பிட்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஒரு பெண்ணுக்கு அங்கே மேற்கொண்டு பதவி உயர்வுக்கு வழியில்லை என்று தெரிந்ததும் ஜான்ஸ் ஹாப்கின்ஸை விட்டு வெளியேறி, பிற்காலத்தில் விஸ்கான்சினில் தாய்சேய் நலப் பணியில் பெயர் பெற்றார். 1902-இல் அவர் பிரித்துக் காட்டிய இரண்டு நோய்களை நாம் இன்றும் நம் புறநோயாளிப் பிரிவுகளில் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு நோயின் உடற்கூறிலேயே ஒரு காரணம் உண்டு. மற்றப் புற்றுக் கட்டிகளில் பெரும்பகுதி புற்றுச் செல்களாக இருக்கும். ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றுச் செல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும், சில சமயம் அதைவிடக் குறைவு. மிச்சமெல்லாம் அந்தச் செல் ரசாயன சமிக்ஞைகள் அனுப்பி வரவழைத்த சாதுவான லிம்போசைட்டுகள், ஈசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள், நார்த்திசு. இரவு வியர்வையும் காய்ச்சலும் அரிப்பும்கூட அந்தச் சமிக்ஞைகளின் விளைவே. இப்போது மெல்லிய ஊசியைக் குத்தி உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். ஊசி முனையில் சிக்குவது சில ஆயிரம் செல்கள். அவற்றில் அந்த ஒற்றை ஆந்தைக் கண் அகப்படாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. "ரியாக்டிவ்" என்று, அதாவது கிருமிக்கு எதிரான சாதாரண வீக்கம் என்று, ரிப்போர்ட் வரும். இன்னும் மோசமான ஒன்றும் நடக்கும். காசநோயில் காணப்படும் கிரானுலோமா என்னும் செல் திரள் ஹாட்ஜ்கின் கணுக்களிலும் சில சமயம் உண்டாகிறது. ஊசி அந்த இடத்தில் குத்தினால், ரிப்போர்ட்டில் டிபி என்றே எழுதப்படலாம். எழுதியவர் பொய் சொல்லவும் இல்லை. போதாக்குறைக்கு, சிலருக்கு இரண்டு நோயும் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு.

ஆகவே லிம்போமா சந்தேகம் இருந்தால் ஒரு கணுவை முழுதாக அறுத்தெடுத்துப் பார்ப்பதே முறை. மேலோட்டமாக இருக்கும் கழுத்துக் கணு என்றால் இது சிறிய அறுவைதான். மார்புக்குள்ளே மட்டும் கட்டி இருப்பவர்களுக்குத் தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பார்கள். எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, சிடி30, சிடி15 என்னும் புரதங்களைக் காட்டும் சாயப் பரிசோதனைகள் செய்கிறார்கள். புற்றுச் செல் மட்டும் பழுப்பு நிறத்தில் தனித்துத் தெரியும். அதே திசுவில் ஒரு பகுதியைக் காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்வது நம் நாட்டில் கட்டாயமாக வேண்டும். அறுவைக்குப் பிறகு அந்தத் திசுவை ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புக்கு ஆகாது என்பதால், இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். லிம்போமா முதலிலிருந்தே நிணநீரின் பாதையில் நடமாடும் நோய். கணுவை எடுப்பதால் அது பரவுவதில்லை. உண்மையில் கெடுதல் செய்வது இன்னொன்று. காய்ச்சலும் கட்டியும் குறையட்டும் என்று திசு எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். லிம்போமா ஸ்டீராய்டுக்குச் சட்டென்று சுருங்கும். நோயாளி நலமாகிவிட்டதாக நினைப்பார். பிறகு எடுக்கும் திசுவில் எதுவும் தெளிவாகத் தெரியாது.

யாருக்கு வருகிறது? பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு முறையும், ஐம்பத்தைந்துக்கு மேல் இன்னொரு முறையும் எண்ணிக்கை உயர்கிறது. இந்தியா போன்ற நாடுகளில் சிறுவர்களிடமும் காணப்படுகிறது. அங்கெல்லாம் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயம் புற்றுச் செல்லுக்குள் மேலை நாடுகளைவிட அதிகமாகத் தென்படுகிறது. அந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோரின் உடலில் சிறுவயதிலேயே நுழைந்து சத்தமின்றித் தங்கிவிடுவதுதான். வெகு சிலருக்கே இந்த நோய் வருகிறது. தொற்றிக்கொள்ளும் நோய் அல்ல; தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரே இடத்துக் கணுக்கள் என்றால் முதல் நிலை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு ஒரே பக்கம் இரண்டோ அதற்கு மேலோ இடங்கள் என்றால் இரண்டாவது. இரு பக்கமும் என்றால் மூன்றாவது. எலும்பு மஜ்ஜை, கல்லீரல், நுரையீரல் என்று பரவியிருந்தால் நான்காவது. கூடவே ஏ அல்லது பி என்ற எழுத்து. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டிய அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் பி. நான்காம் நிலை என்றதும் குடும்பமே இடிந்துபோவதைப் பார்க்கிறோம். நுரையீரல் புற்றுநோயின் நான்காம் நிலையும் இதுவும் ஒன்றல்ல. ஹாட்ஜ்கினில் ஆரம்ப நிலைகளில் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள்; முற்றிய நிலையிலும் பெரும்பான்மையோர் குணமாகிறார்கள்.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. ஹாட்ஜ்கின் நோய் பெரும்பாலும் ஒரு கணுத் தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு வரிசையாகப் பரவும். இதைக் கவனித்த ஜெனீவாவின் ரெனே கில்பர்ட், கட்டி உள்ள இடத்தோடு பக்கத்துத் தொகுதிக்கும் கதிர்வீச்சு கொடுத்தார். டொரொன்டோவின் வேரா பீட்டர்ஸ் 1950-இல், ஆரம்ப நிலையில் இப்படிச் செய்தால் நோயாளிகள் நெடுநாள் பிழைத்திருக்கிறார்கள் என்று கணக்கோடு காட்டினார். ஹாட்ஜ்கின் நோய் என்றாலே மரணம் என்று எழுதிவைத்திருந்த காலம் அது. அவரை நம்பவே பலருக்கு மனம் வரவில்லை. முற்றிய நோய்க்கு வழி காட்டியது கீமோ. முதல் உலகப் போரின் நச்சுவாயுவோடு உறவுள்ள நைட்ரஜன் மஸ்டர்ட் உட்பட நான்கு மருந்துகளைச் சேர்த்து அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சென்ட் டிவீட்டா குழுவினர் 1964-இல் தொடங்கிய மாப் என்ற சிகிச்சையின் முடிவு 1970-இல் வெளியானது: 43 பேரில் 35 பேருக்கு நோய் முழுமையாக மறைந்திருந்தது. விலையும் இருந்தது. ஆண்கள் பலர் மலடானார்கள். சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மிலானின் ஜானி போனடோனா எழுபதுகளில் உருவாக்கிய ஏபிவிடி என்னும் நான்கு மருந்துக் கூட்டு அந்தப் பாதிப்புகளைப் பெருமளவு குறைத்தது. இன்றும் நம் மருத்துவமனைகளில் பெரும்பாலோர் பெறுவது அதைத்தான்.

அந்த நான்கெழுத்தில் 'வி' என்பது வின்பிளாஸ்டின். அது நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியின் இலைத் தேநீரைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவை. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் இதைப் பயிராகவே போட்டிருக்கிறார்கள். உடனே "நித்தியகல்யாணிக் கஷாயம் புற்றுநோயைத் தீர்க்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இலையைக் கொதிக்க வைத்துவிட வேண்டாம். இலையில் எழுபதுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. எது எவ்வளவு உள்ளே போகும் என்று கொதிக்க வைப்பவருக்குத் தெரியாது. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது.

ஏபிவிடி ஏற்றுவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பகல்நேர வார்டில் சில மணி நேரம். அந்த நான்கில் டாக்ஸோரூபிசின் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும்; ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும். ரத்தம் என்று பயந்து இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவருபவர்கள் உண்டு; முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் மிச்சம். இந்த மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால், ஊசி ஏறும் இடத்தில் எரிச்சல் தெரிந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. டகார்பசின் வெளிச்சம் பட்டால் சிதையும். அதனால் பாட்டிலைக் கறுப்புத் தாளாலோ அலுமினியத் தாளாலோ சுற்றித் தொங்கவிடுவார்கள். குமட்டலை அதிகம் கிளப்புவதும் அதுதான். பிளியோமைசின் அன்று இரவு குளிர் காய்ச்சல் தரலாம். அது நுரையீரலைத் தழும்பாக்கும் அபாயமும் உண்டு. வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் அடுத்த தவணை வரை காத்திராமல் சொல்ல வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்கலாம். கேட்க இளைஞர்கள் கூச்சப்படுகிறார்கள், சொல்ல மருத்துவர்களுக்கு நேரமில்லை. இடையில் அந்தப் பேச்சு விட்டுப்போகிறது.

இரண்டு சுற்று முடிந்ததும் பெட் ஸ்கேன். உடலுக்குள் செலுத்திய கதிரியக்கச் சர்க்கரையை இன்னும் உறிஞ்சும் இடம் இருக்கிறதா என்று பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். 2016-இல் வெளியான ராத்தல் ஆய்வு, முற்றிய நிலை நோயாளிகளில் இந்த ஸ்கேன் சுத்தமாக வந்தால் பிளியோமைசினை மட்டும் நிறுத்திவிடலாம், குணமாகும் வாய்ப்பு பெரிதாகக் குறையாது என்று காட்டியது. இங்கேயும் டிபி குறுக்கிடும். காசநோய்க் கணுவும் பெட் ஸ்கேனில் ஒளிரும். சிகிச்சைக்கு நடுவில் புதிதாக ஓரிடம் ஒளிர்ந்தால், நோய் திரும்பிவிட்டது என்று கடுமையான மருந்துக்கு மாறும் முன் அங்கிருந்தும் திசு எடுத்துப் பார்க்கிற மருத்துவரை நம்பலாம்.

நோய் அடங்காதவர்களுக்கும் திரும்பி வருபவர்களுக்கும் வழி அடைபடவில்லை. உயர் அளவு கீமோவும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. சிடி30 புரதத்தைத் தேடிப் போய் ஒட்டி விஷத்தை உள்ளே இறக்கும் பிரென்டுக்ஸிமாப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் தன்னைச் சூழ்ந்த டி வகை லிம்போசைட்டுகளின் கையைக் கட்டிப்போடும் உத்தியை முறியடிப்பது நிவோலுமாப். அதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முற்றிய நோய்க்கு முதல் சிகிச்சையிலேயே இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது: இரண்டாண்டு முடிவில் நிவோலுமாப் சேர்த்தவர்களில் 92 சதவீதத்தினரும், பிரென்டுக்ஸிமாப் சேர்த்தவர்களில் 83 சதவீதத்தினரும் நோய் முன்னேறாமல் இருந்தார்கள். விலைதான் நம் குடும்பங்களுக்கு எட்டாதது. ஏபிவிடி அப்படியல்ல. நான்கும் பழைய மருந்துகள். அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்க் கீமோ கிடைக்கிறது. கழுத்தில் கட்டி தெரிந்த நாளிலிருந்து சரியான திசுப் பரிசோதனை வரை ஆகும் மாதங்களுக்குத்தான் எந்தத் திட்டமும் ஈடு தருவதில்லை.

குணமான பிறகும் சில கணக்குகள் நிற்கும். டாக்ஸோரூபிசினுக்கு வாழ்நாள் வரம்பு உண்டு, மீறினால் இதயத் தசை தளரும். ஆறு சுற்று ஏபிவிடியிலேயே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு பிற்காலத்தில் மந்தமாகலாம்; இளவயதில் மார்பில் பெற்ற பெண்கள் மார்பகப் பரிசோதனையை மற்றவர்களைவிட முன்னதாகவே தொடங்க வேண்டும். ஹாட்ஜ்கின் வந்தவர்களுக்கு எப்போது ரத்தம் ஏற்றினாலும் கதிர்வீச்சு செய்த ரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். இருபது ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு காரணத்துக்காக ஒரு மருத்துவர் முன் உட்காரும்போது இவையெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம், கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்கி, பயாப்சி ரிப்போர்ட்டின் நகலோடு ஆதார் அட்டை இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.